ஒரு சுளகுத் தவிடு

முதல் அநியாயம் தவிட்டம்மாள் பிறப்பதற்கு முன்பே நடந்தது. அவளுக்கு முன் பிறந்த மூன்று பிள்ளைகளையும் களத்து வேம்பில் தூளி கட்டிப் போட்டுவிட்டு அவித்த நெல்லைக் காலால் துழாவப் போன கோமுவுக்கு, பால் கொடுத்துவிட்டு வர அவகாசம் தராத ரைஸ்மில், மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாக வாய்க்கால் கரையில் புதைக்க வைத்தது. ஊர் அதை விதி என்றது, மில் முதலாளி அதைச் சீக்கு என்றார், பக்கத்து வீட்டு உலகம்மாள் மட்டுமே அதை மில் என்றாள். இரண்டாவது அநியாயம் பள்ளிக்கூடத்தில் நடந்தது. தவிட்டம்மாள் என்று பெயர் சொன்ன பிள்ளையைப் பார்த்துத் தலைமையாசிரியர் வகுப்போடு சேர்ந்து சிரித்துவிட்டு, தனபாக்கியம் என்று அவராகவே எழுதிக்கொண்டு, தகப்பன் பெயர் எழுத வேண்டிய இடத்தில் ஒரு கோடு போட்டார். மூன்றாவது கோர்ட்டில் நடந்தது. பிறப்பு இன்னதென்று தெரியாத பெண்ணை மறைத்துத் தன் தலையில் கட்டிவிட்டார்கள் என்று அவள் புருசன் வக்கீல் வைத்து எழுதி விவாகரத்துக் கேட்டான். எழுதியதை அவளை நிற்க வைத்தே வாசித்தார்கள். விட்டது தொல்லை என்று அவள் கையெழுத்துப் போட்டுவிட்டுத் தகரப் பெட்டியோடு பஸ் ஏறினாள். நான்காவது உலகம்மாள் செத்த அன்று நடந்தது. கொள்ளிச் சட்டியைத் தூக்கிய தவிட்டம்மாள் கையிலிருந்து அதைப் பிடுங்கினான் சொள்ளமுத்து, உலகம்மாளின் அண்ணன் மகன், அத்தை படுக்கையில் கிடந்த காலமெல்லாம் வாசல் மிதிக்காதவன். "ரத்தம் நிக்கும்போது தவுடு எதுக்கு முன்னால வருது?" என்று அவன் கேட்டதற்கு, கூடியிருந்த ஆண்கள் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்கள். ஐந்தாவது தாலுகா ஆபீசில் நடந்தது. உலகம்மாள், கணவர் முன்பே காலமானவர், பிள்ளைகள் இல்லை, ஒரே வாரிசு அண்ணன் மகன் சொள்ளமுத்து என்று சான்றிதழ் எழுதி, பச்சை மையில் கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தினார்கள்.

நான்கு அநியாயங்களை மேலக்கால்வாய் என்ற அந்த ஊர் பார்த்துக்கொண்டு நின்றது. ஐந்தாவதைத் தவிடு பார்த்துக்கொண்டு நிற்கவில்லை.

முத்திரைக் கட்டையைத் தூக்கிய இடத்திலிருந்து, வட்டத்துக்குள் இருந்த சிங்கத்தின் காலடியிலிருந்து, பிள்ளைகள் இல்லை என்ற எழுத்துகளுக்கு நடுவிலிருந்து, பொடிப்பொடியாகச் சிவப்புத் தவிடு உதிர்ந்தது. கிளார்க் அதை உள்ளங்கையால் தள்ளிவிட்டுக் கோப்பை மூடினார். சாயங்காலம் மேசை இழுப்பறையைத் திறந்தபோது அது விளிம்பு வரை நிறைந்திருந்தது. அவர் தும்மினார். மறுநாள் அலமாரி நிறைந்தது, அடுத்து ஜன்னல் படி, அடுத்து தாசில்தார் அறையின் வாசல். எலியைப் பிடிக்கச் சொல்லி ஒரு சுற்றறிக்கை போனது, எலி அகப்படவில்லை, சுற்றறிக்கையின் தலைப்பில் 'பொருள்: வாரிசுச் சான்று' என்று இருந்ததால் அதிலிருந்தும் கொஞ்சம் உதிர்ந்தது.

அந்தத் தவிடு எந்தத் தவிடு என்று ஊரில் எவருக்கும் சந்தேகம் வரவில்லை. மூன்றைப் பறிகொடுத்த கோமு நான்காவதைப் பெற்றபோது, அந்தப் பக்கத்து வழக்கப்படி, எமன் கண்ணில் மண்ணைத் தூவுவதற்காக அதை விற்றுவிட்டாள். பிள்ளையைக் கொடுத்துவிட்டுத் தவிடு வாங்கிக்கொண்டால் அது வேறொருத்தியின் பிள்ளை. தேடி வருகிறவன் ஏமாந்து திரும்பிப் போவான். பிள்ளை பிழைத்துத் தவழத் தொடங்கியதும் தவிட்டைத் திருப்பிக் கொடுத்துப் பிள்ளையை மீட்டுக்கொள்வார்கள். விளையாட்டு மாதிரியான காரியம். கைம்பெண் உலகம்மாள் நெல் புடைக்கிற ஒரு சுளகு நிறையச் சிவப்புத் தவிட்டைக் களத்தின் நடுவில் நின்று, எல்லோரும் பார்க்கக் கொடுத்தாள். கோமுவும் அவள் புருசனும் எல்லோரும் பார்க்கப் பிள்ளையைக் கொடுத்தார்கள். அந்த வருச மழைக்கு முன்பே அவர்கள் மலைக்கு அப்பால் தேயிலைக்குப் பிழைக்கப் போனார்கள். போனவர்கள் திரும்பி வரவில்லை. தவிடும் திரும்பி வரவில்லை. ஆகவே பிள்ளையும் திரும்பிப் போகவில்லை.

உலகம்மாள் அவளைச் சங்கத்துப் பிள்ளையாகத்தான் வளர்த்தாள். களத்துத் தொழிலாளர் சங்கத்தின் பலகை அந்த வீட்டு நிலையில்தான் தொங்கியது. துண்டறிக்கைகளை எழுத்துக்கூட்டி வாசித்தே எழுத்துக் கற்றுக்கொண்டவள் அவள், மகளுக்கும் அதிலேயே கற்றுக்கொடுத்தாள், அதனால் தவிட்டம்மாள் அம்மா, அப்பா என்று எழுதுவதற்கு முன் கோரிக்கை என்று எழுதினாள். எதையும் எழுதி வாங்கு என்பதுதான் உலகம்மாள் களத்துப் பெண்களுக்குச் சொன்ன ஒரே மந்திரம். முதலாளி வாயால் சொன்னால் எழுதி வாங்கு, மேஸ்திரி சத்தியம் செய்தால் எழுதி வாங்கு, புருசன் அழுதால்கூட எழுதி வாங்கு. அப்படிச் சொன்னவள் தன் மகளுக்கு ஒரு வரி எழுதி வைக்கவில்லை. மறந்து போகவில்லை, மாட்டேன் என்றாள்.

"ஒரு உயில் எழுதிருவோமாம்மா," என்று கடைசி வருசத்தில் தவிட்டம்மாளே கேட்டாள்.

"என்னத்துக்கு? மக இல்லாதவ எழுதுதது உயிலு. நான் எழுதினா நீ எனக்கு மக இல்லன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரில்லா ஆவும். ஊருக்கே தெரியும். போடி, வெந்நி போடு."

அந்த வீறாப்பு தவிட்டம்மாளுக்கும் உண்டு. ஆகவே அதற்குமேல் கேட்கவில்லை. வெந்நீர் போட்டாள்.

இப்போது சொள்ளமுத்து வீட்டைக் காலி பண்ணச் சொல்லி வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருந்தான். அவனுக்குக் கழுத்து வரை கடன். கடனுக்கு வீட்டை எடுத்துக்கொள்ள மில் முதலாளி தயாராக இருந்தார், அந்த இடத்தில் லாரி நிறுத்தினால் களத்துக்குச் சுற்றி வர வேண்டாம், அதைவிடச் சங்கப் பலகையைத் தினமும் பார்க்க வேண்டாம். ஆடி மாதம் முடிவதற்குள் வீடு போய்விடும். வீடு போனால் பலகை போகும், பலகை போனால் களத்துப் பெண்கள் கூடி உட்கார இடம் போகும், இதெல்லாம் தவிட்டம்மாளுக்குத் தெரியும். ஆனால் இரவில் அவள் நெஞ்சை அடைத்தது வீடு இல்லை. பிள்ளைகள் இல்லை என்ற அந்தச் சொல்தான்.

தவிட்டுக்கு ஊர் சீக்கிரம் பழகிக்கொண்டது. வருமானச் சான்று கேட்டு வருகிறவர்கள் மனுவோடு ஒரு சாக்கையும் கொண்டு வந்தார்கள். மாடுகள் காலையில் அவிழ்த்து விட்டதும் மேய்ச்சலுக்குப் போகாமல் நேராகத் தாலுகா ஆபீசுக்கு நடந்து, பட்டா மாறுதல் வரிசைக்குப் பக்கத்தில் தனி வரிசையாக நின்றன. பால் கெட்டியானது, டீக்கடையில் டீ நிறம் மாறியது, டீ குடித்தவர்கள் அரசாங்கத்தை முதன்முறையாகப் பாராட்டினார்கள். தவிட்டை அள்ளி முகர்ந்து பார்த்த கிழவர்கள், இது இப்போது எவனும் பயிரிடாத சிவப்பு நெல்லின் தவிடு, உரல் தவிடு, மில் தவிடு இல்லை என்றார்கள். பெண்கள் அதைச் சலித்துக் கருப்பட்டி போட்டுக் கொழுக்கட்டை பிடித்தார்கள். ஆபீசுக்குள் மட்டும் ஒரு தகராறு ஓடிக்கொண்டிருந்தது: விழுகிற தவிடு கனிமமா, விளைபொருளா, கேட்பாரற்ற சொத்தா, எந்தப் பிரிவு அதைப் பெருக்க வேண்டும் என்று மூன்று பிரிவுகளும் ஒன்றுக்கொன்று கடிதம் எழுதின, எழுதிய கடிதங்களிலிருந்தும் தவிடு கொட்டியது.

சொள்ளமுத்துவின் பாடுதான் பெரும்பாடாக இருந்தது. சான்றிதழைச் சட்டைப் பைக்குள் வைத்தான், கோழிகள் பின்னால் வந்தன. பீரோவில் வைத்தான், பெண்டாட்டியின் பட்டுச் சேலைகள் தவிட்டில் புதைந்தன. நகல் எடுத்தான், நகலும் உதிர்த்தது. மில் முதலாளியிடம் கொண்டுபோய்க் கொடுத்தான்; ஆயுளெல்லாம் தவிடு விற்றவர் அதைத் தொட மறுத்தார். "என் மில்லுத் தவுடுன்னா எனக்குத் தெரியும் வே. இது என் மில்லுத் தவுடு இல்ல. பேப்பர ஒழுங்கா உதறிட்டு வாரும்."

அவன் வக்கீல் கெட்டிக்காரர். அவர்தான் தவிட்டைப் பார்த்து மிரளாமல், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, யாரும் யோசிக்காத ஒன்றை யோசித்தார். தாசில்தாருக்கு மனு எழுதினார்: ஐயா, வழக்கப்படி தவிடு திரும்பி வந்தால் பிள்ளை கொடுத்தவர்களுக்கே சொந்தம், இத்தனை வருசம் கழித்துத் தவிடு திரும்பி வந்துவிட்டது என்பதை இந்த அலுவலகமே கண்ணால் காண்கிறது, ஆகவே மேற்படி தனபாக்கியம் மேற்படி உலகம்மாளுக்கு மகள் இல்லை என்று செத்தவர்களே தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள்.

அந்த மனுவின் சேதியைக் கேட்ட அன்று தவிட்டம்மாள் களத்துக்குப் போகவில்லை. கோர்ட்டில் நின்றபோது கலங்காதவள், கொள்ளிச் சட்டியைப் பிடுங்கியபோது கலங்காதவள், அடுப்பங்கரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மூலையில் சாத்தியிருந்த அந்தப் பழைய சுளகையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாவா திருப்பி அனுப்புகிறாள்? வாங்கினதை வேண்டாம் என்று தள்ளுகிறாளா?

வேலைக்கு வராதவளைத் தேடிக்கொண்டு பிச்சம்மாள் வந்தாள். எதிர் வீட்டுக்காரி, சிறு வயதிலிருந்து கூட வேலை பார்ப்பவள், வாய் நீளம் என்று பெயர் எடுத்தவள். விசயத்தைக் கேட்டதும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள்.

"ஏட்டி கூறுகெட்டவளே. உங்கம்மா கொடுத்தது எம்புட்டு?"

"ஒரு சொளவு."

"வந்துருக்கது எம்புட்டு? தாலுகா ஆபீசு கூரை முட்டி நிக்கி. வாங்குனதுக்கு மேல ஒரு பிடி கூடுதலாத் திருப்பிக் கொடுத்தவன் எவனையாவது இந்த ஊருல பாத்துருக்கியா நீ? இது திருப்பிக் கொடுக்கது இல்லட்டி. இது உங்கம்மா சண்டை பிடிக்கா. அவ எப்பவும் இப்படித்தான, ஒண்ணு கேட்டா ஒம்பது கேப்பா."

தவிட்டம்மாள் மூக்கைச் சிந்திவிட்டு எழுந்தாள். அன்றைக்கே தாலுகா ஆபீசுக்குப் போய், மாடுகளை விலக்கிக்கொண்டு உள்ளே நுழைந்து, தாசில்தார் முன்னால் நின்றாள்.

தாசில்தார் கிரேஸ் பொன்மணி புதிதாக மாறுதலில் வந்தவர். அவருக்கு நியாயத்தைவிட அவசரமாக மூச்சுவிட இடம் தேவைப்பட்டது. ஜமாபந்தி வருகிறது, கலெக்டர் வருவார், நாற்காலி தெரிய வேண்டும். "ஸ்தல விசாரணை வைக்கிறேன்," என்றார். "புள்ளையக் கொடுத்தாங்க, இவங்க வாங்கினாங்கன்னு ஊர்ல சாட்சி சொல்லணும். சட்டத்துக்கு அதுதான் முக்கியம், கொடுத்ததும் வாங்கினதும். சாட்சி சொல்லிட்டாங்கன்னா எழுதிடறேன். இல்லைன்னா, அம்மா, தவிட்டோடயே குடித்தனம் பண்ணிக்கிறேன், நான் என்ன செய்ய?"

விசாரணை களத்திலேயே நடந்தது. உலகம்மாள் சுளகை நீட்டிய அதே இடத்தில் மேசை போட்டார்கள். ஊர் முழுக்க வந்தது. மில் முதலாளி மாடி ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார், யார் வாயைத் திறக்கிறார்கள் என்று அவர் பார்ப்பதை எல்லோரும் பார்த்தார்கள். வக்கீல் முதலில் பேசினார். தவிட்டுக்கு வாங்குவது என்பது ஒரு விளையாட்டு, ஒரு மூடநம்பிக்கை, அதைச் சட்டம் தத்து என்று ஏற்காது, மேலும் அதைக் கண்ணால் பார்த்தவர்கள் இன்று யாரும் உயிரோடு இல்லை என்றார்.

"பார்த்தவங்க, இல்ல இது உண்மைன்னு காலங்காலமா அறிஞ்சவங்க, யாராவது இருக்கீங்களா?" என்று தாசில்தார் கேட்டார்.

ஒருவர் துண்டை உதறினார். ஒருவர் வானத்தைப் பார்த்து மழை வருமா என்றார். மாடி ஜன்னல் திறந்தே இருந்தது.

தவிட்டம்மாள் கூட்டத்தைப் பார்த்தாள். இந்த முகங்களையெல்லாம் அவளுக்குத் தெரியும். ஒவ்வொரு முகமும் எந்த வயதில், எந்த மரத்தடியில், என்ன சொல்லித் தன்னை அழ வைத்தது என்றும் தெரியும். வாழ்நாளெல்லாம் தவிடு என்ற சொல்லிலிருந்து ஓடியவள் அவள். தனபாக்கியம் என்று கூப்பிட்டால் மட்டுமே திரும்பிப் பார்த்தவள். இப்போது அவள் அந்தச் சொல்லை நோக்கி நடந்தாள்.

"பிச்சம்மா மைனி," என்றாள் சத்தமாக. "மஞ்சணத்தி மரத்தடியில பாண்டி வெளையாடும்போது, நான் செயிச்சிட்டா என்னைய என்னன்னு கூப்பிடுவிய?"

பிச்சம்மாள் தலை குனிந்தாள். "அத ஏன்ட்டி இப்பப் போயி."

"சொல்லுங்க. அப்ப கத்திச் சொன்னியள்லா, இப்பவும் கத்திச் சொல்லுங்க."

"தவுட்டுக்கு வாங்குன புள்ளன்னு சொல்லுவேன்."

"அண்ணாச்சி," என்று ரேஷன் கடைக்காரரைப் பார்த்தாள். "என் கல்யாணம் கோர்ட்டுல முறிஞ்சப்ப, கடையில வச்சி என்ன சொன்னிய?"

"தவுட்டுக்கு வந்தது தவுட்டோடதான் போவும்னு... ஒரு இதுக்குச் சொன்னது தாயி."

அவள் விடவில்லை. வரிசையாகக் கேட்டாள், ஆணையும் கேட்டாள், பெண்ணையும் கேட்டாள், பழைய வாத்தியாரின் மகனைக் கேட்டாள், பூசாரியைக் கேட்டாள், டீக்கடைக்காரனைக் கேட்டாள், ஒவ்வொருவரும் மென்று விழுங்கி, காதைச் சொறிந்து, அந்த ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள், சொல்லச் சொல்ல அது ஏச்சிலிருந்து கழன்று, வேறு ஏதோ ஒன்றாக, சங்கக் கூட்டத்தில் கோரிக்கையைத் திருப்பிச் சொல்கிற மாதிரி களத்தில் ஏறி ஒலித்தது. கிராம நிர்வாக அலுவலர் எழுதி முடிக்க முடியாமல் கையை உதறினார்.

வக்கீல் எழுந்தார். "அம்மா, இதெல்லாம் கேலி. விளையாட்டுக்குச் சொன்னது."

தாசில்தார் பிச்சம்மாளைப் பார்த்தார். "விளையாட்டுக்குச் சொன்னீங்களாம்மா?"

"வெளையாட்டுக்குச் சொன்னா ஒறைக்காதே தாயி," என்றாள் பிச்சம்மாள், மாடி ஜன்னலை நன்றாக நிமிர்ந்து பார்த்துக்கொண்டு. "நெசங்கதாலதான் சொன்னோம். நெசமா இருந்ததாலதான் அவளும் அழுதா."

இதற்குமேல் சொள்ளமுத்துவால் பொறுக்க முடியவில்லை. அவனுடைய சட்டைப் பை நிறைந்து தவிடு வேட்டி மடிப்பில் இறங்கிக்கொண்டிருந்தது. நான்கு கோழிகள் அவன் காலைச் சுற்றின. அவன் கோழிகளை உதைத்துவிட்டு, அவளை நோக்கிக் கையை நீட்டிக் கத்தினான். "ஏட்டி, பெருமையாடி இது? தவுட்டுக்கு வாங்குன நாயி நீ! எங்க அத்த ஒரு சொளவு தவுட்டக் கொடுத்து ஒன்னைய வாங்கிட்டு வந்தா! எங்க அய்யா கண்ணால பாத்துருக்காரு, எங்கிட்ட அம்பது தடவ சொல்லிருக்காரு! இல்லன்னு சொல்லு பாப்போம்!"

வக்கீல் மெதுவாக உட்கார்ந்தார்.

"இல்லன்னு சொல்லலியே மச்சான்," என்றாள் தவிட்டம்மாள். அத்தை மகள் அழைக்கிற முறைப்படியே அழைத்தாள்.

களம் சிரித்தது. முதலில் பெண்கள், பிறகு ஆண்கள், பிறகு எழுதிக்கொண்டிருந்த கிராம நிர்வாக அலுவலர். மாடி ஜன்னல் சாத்தப்படும் சத்தம் கேட்டது, யாரும் திரும்பவில்லை.

தாசில்தார் பழைய சான்றிதழை வாங்கி உதறி, குறுக்கே கோடு போட்டு ரத்து என்று எழுதினார். பிறகு வெள்ளைத் தாளை எடுத்துப் பேனாவைத் திறந்து, "பேரு தனபாக்கியம்தானே? ரெக்கார்டுல அப்படித்தான் இருக்கு," என்றார்.

"அது எட்மாஸ்டரு வச்சது. எங்கம்மா வச்சது தவிட்டம்மா. அதையே எழுதுங்க."

"ரெண்டையும் எழுதணும். இன்னார் என்கிற இன்னார்னு."

"எழுதுங்க. ஆனா எங்கம்மா வச்சது முன்னால வரட்டும். வாசிக்கும்போது அதை மட்டும் வாசிச்சாப் போதும்."

தாசில்தார் எழுதினார். பழகிப்போன கையோடு பிச்சம்மாள் முந்தி வந்து, மேசை விளிம்புக்குக் கீழே ஒரு சுளகைப் பிடித்தாள். உலகம்மாள் வீட்டு அடுப்பங்கரை மூலையில் சாத்தியிருந்த அதே சுளகு. கையெழுத்து விழுந்தது. முத்திரை விழுந்தது. முத்திரைக் கட்டையைத் தூக்கினார்கள். களம் மூச்சைப் பிடித்துக்கொண்டு சுளகைப் பார்த்தது. சுளகு வெறுமையாக இருந்தது. தாளை ஒருமுறை உதறியும் பார்த்தார்கள். ஒரு பொடிகூட விழவில்லை. தூரத்தில், தாலுகா ஆபீஸ் பக்கமிருந்து, மாடுகள் ஒன்றன்பின் ஒன்றாக வாய்க்கால் கரைக்குத் திரும்பிக்கொண்டிருந்தன.

தாசில்தார் எழுந்து நின்று, சாட்சிகள் அறிய, வாரிசின் பெயரை வாசித்தார்.

"கேக்கல தாயி," என்றாள் தவிட்டம்மாள். அவள் முதல் வரிசையில்தான் நின்றாள். "இன்னொரு தடவ. மில்லு வரைக்கும் கேக்கணும்."

தாசில்தார் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, தாளை உயர்த்திப் பிடித்து, களம் முழுக்கக் கேட்கும்படி வாசித்தார்:

"உலகம்மாள் மகள் தவிட்டம்மாள்."